முன்னூறு அடியில் தண்ணீர்

குச்சிக்கிழங்கு பிடுங்கிய வெறுங்காட்டின் ஈசானி மூலையில் என் வீட்டுக்காரர் நிற்கிறார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, புது ஷூ. வலது கை ஆள்காட்டி விரல் தரையைக் காட்டுகிறது. எதிரே நான் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

"தேர் வில் பி வாட்டர் அட் த்ரீ ஹண்ட்ரட் ஃபீட்," என்கிறார்.

"சத்தமே வரலீங்க. கீழ பாக்காதீங்க, என்னையப் பாருங்க. கை மட்டும் தரையக் காட்டோணும்."

"ஆரும் பாக்கறாங்களா?"

"இந்த வெயில்ல ஆருங்க வாராங்க? நீங்க சொல்லுங்க."

மறுபடி சொன்னார். மறுபடி. கழுத்தில் வேர்வை வழிந்து காலர் கறுத்தது. பதினைந்தாவது தடவையோ இருபதாவது தடவையோ, வாக்கியம் கல்லில் பட்ட சம்மட்டி மாதிரி சுத்தமாக வந்து விழுந்தது. "அய்யோ, சூப்பருங்க!" என்று நான் கைதட்டினேன்.

வரப்பில் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்த என் அப்பா நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு தழைக்கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் போனார்.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் அப்பாவின் காட்டில் நடந்தது இது. எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். மழை ஏய்த்த வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பத்திரிகைத் தொடரில் இதுவரை மற்றவர்களை நிறையத் திட்டிவிட்டேன். இந்த வாரம் என் முறை.

வாயைத் திறக்காத தொழில்

என் வீட்டுக்காரர் செல்வராசு ரிக் வண்டியில் டிரில்லர். ஆழ்துளைக் கிணறு தோண்டும் லாரியில் ராடை இறக்குகிறவர், பாறையின் சத்தத்தைக் காதால் வாசிக்கிறவர். பதினைந்து வருஷம் அந்த வேலை. ராஜஸ்தான், ஒரிசா, சத்தீஸ்கர் என்று அவர் துளைக்காத மாநிலம் கம்மி.

அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் மீறியவரை நான் பார்த்ததில்லை. தண்ணீர் வரும் என்று டிரில்லர் சொல்லக்கூடாது. வராது என்றும் சொல்லக்கூடாது. தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நடந்து இடம் குறித்துத் தருகிற பாயிண்ட்காரர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். காட்டுக்காரர் என்ன வேண்டுமானாலும் வேண்டிக்கொள்ளலாம். டிரில்லர் மட்டும் வாயைத் திறக்கக்கூடாது. 'போதும், நிறுத்து' என்று சொல்வதும் காட்டுக்காரர் வேலைதான்.

கல்யாணமான புதிதில் அப்பா அவரிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். "மாப்ள, நம்ம காட்டுல போட்டா வருமா?" அவருடைய பதில் ஒன்றே ஒன்றுதான். "போட்டாத்தான் தெரியுமுங்க மாமா."

எனக்கு எரிச்சலாக வரும். தொழில் தெரிந்த மனுஷன், ஒரு யோசனையாவது சொல்லக்கூடாதா? மூடநம்பிக்கை என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அப்பாவுக்கு இருந்தது மூன்று ஏக்கர். கிணறு வற்றிப் பல காலம். ஏற்கெனவே போட்ட இரண்டு போர்வெல்லில் ஒன்று தண்ணீருக்குப் பதில் வெறும் புழுதியைக் கக்கியது, இன்னொன்று ஆறு மாசம் ஓடி மூச்சை விட்டது. அம்மா போன பிறகு தனி ஆள். "பண்ணையத்த உட்டுட்டு எங்களோட வந்து இருங்கப்பா" என்றால், "ஒரு போர் அமைஞ்சாப் போதும் அம்மிணி, சாகற வரைக்கும் ஓட்டிருவேன்" என்பார். அவர் ஆசை அவ்வளவுதான். தண்ணீர் இல்லையென்றால் காடு இல்லை, காடு இல்லையென்றால் அப்பா இல்லை.

மாடியில் விற்ற தைரியம்

நான் என்ன வேலை பார்த்தேன் என்று புதிதாக வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மருந்துக்கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. எம்.ஏ. ஆங்கிலம் படித்து, கலெக்டர் ஆகப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்து, கடைசியில் 'முப்பது நாளில் சரளம்' என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்தவள்.

எங்கள் வகுப்பில் எல்லாரும் விரும்பி வருகிற பாடம் எதிர்காலம். ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட திட்டத்துக்குக் 'கோயிங் டு'. இனி இப்படித்தான் நடக்கும் என்று கணித்துச் சொல்ல 'வில்'. நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் மகன் எழுந்து, "ஐ ஆம் கோயிங் டு ஸ்டார்ட் எ கம்பெனி" என்பான். ஓமலூர் நர்ஸ் பெண் எழுந்து, "ஐ வில் செட்டில் இன் லண்டன்" என்பாள். எல்லாரும் கைதட்டுவோம். அந்தப் பெண் இன்னமும் ஓமலூரில்தான் இருக்கிறாள்.

நம் ஊரில் யார் இப்படிப் பேசுகிறோம்? கல்யாணத்துக்கு வருவீர்களா என்றால், "பாக்கலாமுங்க." பையன் பாஸாவானா என்றால், "பாக்கலாமுங்க." ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஏழு தலைமுறை ஓட்டிவிட்ட ஜனம். அந்த வார்த்தையைப் பிடுங்கி எறிவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"இன்டர்வியூவில் 'மேபி' சொல்லாதீர்கள், 'ஐ திங்க்' சொல்லாதீர்கள். சந்தேகம் இருந்தாலும் 'வில்' போட்டு அடியுங்கள். சொல்கிறவன் நம்பினால் கேட்கிறவன் நம்புவான்." இது நான் நாளைக்கு மூன்று வேளை ஓதிய மந்திரம். என்ன திமிர் பாருங்கள்! என் சொந்த எதிர்காலத்தைக் கோட்டைவிட்டவள், ஊருக்கெல்லாம் எதிர்காலம் பேசச் சொல்லிக்கொடுத்தேன்.

வெட்டி எறிந்த பாதி

அந்தச் சமயத்தில் ஆப்பிரிக்காவில் டிரில்லர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். இங்கே வருஷம் பூராவும் அலைந்து சம்பாதிப்பதை அங்கே நாலு மாசத்தில் பார்த்துவிடலாம் என்று பேச்சு. அவருடைய பழைய வண்டி மேனேஜர்தான் சிபாரிசு செய்தார். தாண்ட வேண்டிய கண்டம் ஒன்றே ஒன்றுதான், வீடியோவில் நடக்கும் ஆங்கில இன்டர்வியூ. சர்வே அறிக்கையைப் பார்த்து, இத்தனை அடியில் தண்ணீர் கிடைக்கும் என்று அங்குள்ள இன்ஜினியரிடம் விளக்கிச் சொல்ல வேண்டும்.

அவர் பயந்துபோனார். ஆங்கிலத்துக்கு அல்ல.

"தண்ணி வரும்னு என்ற வாயால எப்படிச் சொல்லறது?"

"அட, இது இங்கிலீசுங்க. சர்வேல இருக்கறதத்தான் சொல்றீங்க."

"எதுல சொன்னாலும் சொல்லறது நாந்தான?"

ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். 'அக்கார்டிங் டு தி சர்வே' என்று ஆரம்பித்தால் சம்மதம் என்று இறங்கி வந்தார். சர்வேயின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டால் அவர் மனசு ஆறுமாம். ஆனால் அந்த 'அக்கார்டிங்'கில் நாக்கு புரண்டுகொண்டே இருந்தது. அவர் தடுமாறினார், எனக்குப் பொறுமை போனது.

"அந்த முன்பாதி வேண்டாம். நேராச் சொல்லுங்க. அதான் தைரியம்."

பாதி வாக்கியத்தை நான்தான் வெட்டி எறிந்தேன். எங்கள் வகுப்பில் கையசைவுக்கும் மதிப்பெண் உண்டு. அதனால் ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்கப் போனபோது, நிஜமான காட்டில் நிற்கவைத்துத் தரையைக் காட்டிப் பேசப் பழக்கினேன். நீங்கள் முதலில் பார்த்த காட்சி அதுதான்.

அப்பாவின் போன்

செவ்வாய்க்கிழமை இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் அப்பா கூப்பிட்டார்.

"அம்மிணி, மாப்ள சொன்னது என்ற காதுலயும் உழுந்துச்சு. முன்னூறு அடியாமா?"

அப்பா பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் கோட்டைவிட்டவர். அவருக்கே புரிகிற அளவுக்கு உச்சரிப்பு தேறிவிட்டதா என்று எனக்கு ஒரே பூரிப்பு.

"அட, உங்களுக்கே புரிஞ்சிருச்சுங்களா? ஆமாங்கப்பா, முன்னூறு அடி."

"வாட்டரும் ஃபீட்டும் புரியறதுக்குப் படிப்பா வேணும்? தெம்பாத்தான் சொன்னாப்ல."

"இனிக் கவலையே இல்லீங்கப்பா. தைரியமா இருங்க."

நான் சொன்னது இன்டர்வியூவை. படிக்கட்டில் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் ஏறிவரும் சத்தம். போனை வைத்துவிட்டேன். இன்னும் ஒரு நிமிஷம் பேசியிருந்தால் போதும், எல்லாம் தெரிந்திருக்கும். ஒரு நிமிஷம்!

பதினேழாவது ராடு

வியாழக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரருக்கு ஒரு டிரில்லரிடமிருந்து அழைப்பு. "அண்ணா, உங்க மாமனார் காட்டுலதான் ஓட்டிட்டிருக்கறோம். பாயிண்ட் ஆரு பாத்ததுன்னு கேட்டா, எங்க மாப்பிள்ளைங்கறாரு. நெசமுங்களா?"

வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தோம். ஊர் எல்லையில் இருந்தே கம்ப்ரஸர் இரைச்சல் கேட்டது. காட்டுக்கு மேலே வெள்ளைப் புழுதி ஆளுயரத்துக்கு நாலு மடங்கு எழும்பி நின்றது. டிரில்லர் பெண்டாட்டிக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. வெள்ளைப் புழுதி என்றால் ஈரம் இல்லை.

ஈசானி மூலையில், ஞாயிற்றுக்கிழமை அவர் ஷூ நின்ற அதே இடத்தில் ராடு இறங்கிக்கொண்டிருந்தது. ஓரத்தில் எலுமிச்சம்பழமும் கற்பூரச் சாம்பலும். அப்பா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்காரர் போல வந்து வரவேற்றார்.

"வாங்க மாப்ள. உங்களுக்குத் தெரியாம முடிச்சு, தண்ணி வந்தப்பறம் கூப்பிடலாம்னு இருந்தேன்."

இதற்காக ரோட்டோரத்து ஒரு ஏக்கரை விலை பேசி முன்பணம் வாங்கிவிட்டார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"எத்தனாவது ராடு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"பதினேழுங்க அண்ணா." ஒரு ராடு இருபது அடி, ஆக முன்னூற்று நாற்பது அடி.

அப்பாவைத் தனியே இழுத்துப் போனேன். "அப்பா, அது பாடமுங்க. வேலைக்காகப் பேசிப் பழகுனது. சும்மா சொன்னாரு."

"சும்மாவா?" அப்பா என்னைச் சின்னப்பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "சும்மா சொல்லற பையனா அவரு? பதனஞ்சு வருசமா ரிக்குல இருக்கறாரு. ஒரு காட்டுல, ஒரு நாளு, தண்ணி வரும்னு வாயத் தொறந்திருக்கறாரா? நானே எத்தன தடவ கேட்டிருப்பேன்! தமிழ்ல சொன்னாத் தொழில் குத்தம் ஆயிரும்னுதான் இங்கிலீசுல சொன்னாரு. அதுவும் எங்காட்டுல நின்னு, கைய நீட்டி. எனக்குப் புரியாதுன்னு நெனச்சியா அம்மிணி?"

இதற்கு எந்தப் பாடத்தில் பதில் இருக்கிறது?

இருபதாவது ராடு போனது. அதே வெள்ளை. டிரில்லர் ஒவ்வொரு ராடு முடிந்ததும் அப்பாவைப் பார்ப்பார். அப்பா "போடு சாமி" என்பார். என் வீட்டுக்காரர் குனிந்து, வெளியே வந்து விழுந்த கல்தூளை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானூற்று ஐம்பது அடி வாக்கில் தூளைக் கீழே தட்டிவிட்டு எழுந்தார். முகம் மாறிவிட்டது. அப்பாவை நோக்கி நடந்தார்.

என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. வராது என்று சொல்லப் போகிறார். தன் தொழிலின் ஒரே கட்டுப்பாட்டை உடைக்கப் போகிறார்.

ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"இவங்க முன்னாடி வேண்டாமுங்க. மேனேஜர் காதுக்குப் போயிரும். நாளன்னைக்கு இன்டர்வியூ."

வண்டியில் ஆறு பேர் நின்றார்கள். அந்த வண்டியும் அதே மேனேஜருடையது. களத்தில் நின்று வாயைத் திறந்த டிரில்லர் என்று பேர் எடுத்தால் சிபாரிசு அன்றைக்கே அறுந்துபோகும். இதையெல்லாம் அந்த ஒரு நொடியில் நான் கணக்குப் போட்டேன். அவர் என் கையைப் பார்த்தார். பிறகு போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

தொள்ளாயிரத்து இருபது அடி வரை போட்டார்கள். கடைசி ராடு வரைக்கும் அப்பா "போடு சாமி" என்றார். கையில் இருந்தது தீர்ந்த பிறகுதான் "போதும்" என்றார்.

இன்னும் ஐம்பது அடி

சனிக்கிழமை இன்டர்வியூ. பக்கத்து அறையில் கதவில் காதை வைத்துக் கேட்டேன். அதே வாக்கியத்தை, ஒரு பிசிறு இல்லாமல் சொன்னார். "ஆர் யூ ஷ்யூர்?" என்று அந்தப் பக்கம் கேட்டார்கள். "எஸ் சார்" என்றார். வேலை கிடைத்தது. நான் மட்டும் அழுதேன். அவர் அந்த வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

அவர் ஆப்பிரிக்கா போய் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் ஃபேர்லேண்ட்ஸ் வகுப்பை விட்டுவிட்டேன். 'வில்' என்று கரும்பலகையில் எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான். பெரிய தியாகம் என்று யாரும் கடிதம் போட வேண்டாம்.

அப்பா கோழித் தீவன மில்லில் காவலுக்குப் போகிறார். ஒரு நாளும் அவர் மாப்பிள்ளையைக் குறை சொன்னதில்லை. அதுதான் என்னைக் கொன்றது. "மாப்ள சொன்னது தப்பாவாது. நாந்தான் பாதியில நிறுத்திப்போட்டேன். இன்னும் அம்பது அடி போயிருந்தா அடிச்சிருக்கும்." யார் எதிர்ப்பட்டாலும் இதே பேச்சு.

போன மாசம் மிச்சமிருந்த இரண்டு ஏக்கரில் ஒன்றை விற்க ஆள் பார்த்துவிட்டு வந்து நின்றார். மறுபடி ரிக் வண்டி விடப் போகிறாராம்.

"அப்பா, புத்தி கெட்டுப் போச்சுங்களா?" என்று கத்திவிட்டேன்.

"நீ கத்தாத. மாப்ளைக்குப் போன் போடு. ஒரே வார்த்தை, இன்னும் எத்தன அடின்னு கேட்டுக்கறேன். அவரு வேண்டாம்னா உட்டர்றேன்."

போட்டேன். ஸ்பீக்கரை அழுத்திக் கொடுத்தேன். அந்த முனையில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது.

"மாப்ள, நல்லா இருக்கறீங்களா? நம்ம போரு... இன்னும் அம்பது அடி போதுமுங்களா?"

இரைச்சல் குறைந்தது. அவர் வண்டியைவிட்டுத் தள்ளி நடந்திருக்க வேண்டும்.

"தண்ணி வராதுங்க மாமா."

அப்பா போனை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"ஆயிரம் அடி போட்டாலும் வராதுங்க. அன்னைக்கு நானூத்தம்பதுலயே எனக்குத் தெரியுமுங்க. காட்ட விக்காதீங்க மாமா."

அப்பா போனை முகத்துக்கு நேரே பிடித்து, அதற்குள் ஆள் இருப்பது போல வெகுநேரம் பார்த்தார்.

"இதச் சொல்லறதுக்கு அத்தன தூரம் போகோணுமா சாமி?"

அவ்வளவுதான் கேட்டார். போனை என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். காட்டை விற்கவில்லை. ஆனால் மாப்பிள்ளை என்ற பேச்சை அதன் பிறகு எடுக்கவும் இல்லை. நான் ஊருக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்காரர் கூப்பிட்டால், அப்பா வெளியே எழுந்து போகிறார்.

போர் போட்ட அன்றைக்கே அவர் சொல்லத்தான் வந்தார், கையைப் பிடித்து நிறுத்தியது நான். இதை அப்பாவிடம் அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நேரில் சொல்ல மூன்று தடவை ஊருக்குப் போய், மூன்று தடவையும் காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

வெள்ளிக்கிழமை இந்த இதழ் மல்லசமுத்திரம் கடைக்கு வந்துவிடும். மகள் எழுதுகிற தொடர் என்று அப்பா ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை.